மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஓடிய மனிதர்: கெல்சன்கிர்ஷனில் ஒரு ஃப்ரீ கிக் உலா

ஜெர்மனிக்குச் சுற்றுலா போகிறவர்களின் பட்டியலில் பெர்லின் இருக்கும், மியூனிக் இருக்கும், கொலோன் தேவாலயம் இருக்கும். கெல்சன்கிர்ஷன் இருக்காது. மேற்கு ஜெர்மனியின் ரூர் பகுதியில், டோர்ட்மண்டுக்கும் டூயிஸ்பர்குக்கும் நடுவே இருக்கிற இந்த ஊரில் சுமார் 2.6 லட்சம் பேர் வசிக்கிறார்கள். மலை கிடையாது, கடற்கரை கிடையாது, அரண்மனை என்று பெரிதாகச் சொல்லவும் ஒன்றும் இல்லை.

ஒரு காலத்தில் இதற்கு 'ஆயிரம் நெருப்புகளின் ஊர்' என்று பெயர். சுரங்கங்களிலிருந்து வந்த வாயுவை எரித்த தழல்கள் இரவெல்லாம் வானத்தைச் சிவப்பாக வைத்திருந்த காலம் அது. ஊரில் கடைசிச் சுரங்கம் 2008-ல் மூடப்பட்டது. வேலையில்லாதோர் கணக்கு எடுக்கும்போதெல்லாம் ஜெர்மனியில் முன்வரிசையில் வந்து நிற்கிற நகரங்களில் இதுவும் ஒன்று. மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். கால்பந்து!

அதிலும் ஒரு வினோதம். 'ஃப்ரீ கிக்கை எப்படித் தடுப்பது' என்ற கேள்விக்கு உலகத்திலேயே விசித்திரமான பதில் இந்த ஊர் மைதானத்தில்தான் சொல்லப்பட்டது. பல வருடம் கழித்து இதே மைதானத்தின் கடைசி நாளை, வேறொரு ஊரில் தடுக்க முடியாமல் போன ஒரு ஃப்ரீ கிக் எழுதியது. இரண்டும் சேர்ந்து என்னை இங்கே இழுத்து வந்தன.

302-ல் ஏறினால் போதும்

என் கல்லூரித் தோழி படிக்கிற ஊர் போஹும். (எங்கே போகும் என்று கேட்டால் அவளுக்குக் கோபம் வரும்.) அவள் வாடகைக்கு இருப்பது யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒருவரின் வீட்டு மாடியில். அவரை அவள் 'மாமா' என்கிறாள். நானும் அப்படியே தொற்றிக்கொண்டேன். 1985-ல் அகதியாக வந்தவர். இங்கேயே வேலை பார்த்து, இங்கேயே ஓய்வும் பெறப்போகிறவர். ரூர் பகுதியில் ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பக்கத்து ஹாம் நகரில் காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கோயிலே கட்டியிருக்கிறார்கள்.

மாமா ஷால்கே 04 ரசிகர். 1904-ல் தொடங்கிய கிளப் அது. சுரங்கத் தொழிலாளர்களின் கிளப் என்பதுதான் அதன் பெருமை. நான் மைதானம் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும், நீலமும் வெள்ளையும் கலந்த மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

போஹுமிலிருந்து 302-ம் நம்பர் டிராம். கெல்சன்கிர்ஷன் மத்திய ரயில் நிலையத்தில் பூமிக்கடியில் நுழைந்து, கொஞ்ச தூரத்தில் வெளியே வருகிறது. அப்புறம் வருகிற கடைத்தெருவைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். பேக்கரி, பார், வீட்டுச் சுவர் எல்லாம் நீலம், வெள்ளை. 'ஷால்கர் மைலே' என்று அதற்குப் பெயர். அங்கேயே 1928-ல் திறந்த பழைய மைதானம், 'க்ளூக்காவ்ஃப் காம்ஃப்பான்'. 'க்ளூக்காவ்ஃப்' என்பது சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற வணக்கம். 'நல்லபடியாக மேலே வா' என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் ஃபெல்டின்ஸ் அரீனா. 2001-ல் திறந்த நவீன மைதானம். கூரை மூடும். சுமார் 11,000 டன் எடையுள்ள புல்தரையை, வெயில் காய அப்படியே வெளியே நகர்த்திவிடுவார்கள். வீரர்கள் வெளியே வருகிற பாதையைச் சுரங்கத்தின் உட்புறம் மாதிரியே செய்திருக்கிறார்கள். உள்ளேயே ஒரு சின்ன பிரார்த்தனைக் கூடமும் உண்டு. ஷால்கே விளையாடுவதைப் பார்த்தால் அது எதற்கென்று புரியும் என்று மாமாவே கிண்டலடித்தார்.

ஆனால், நான் பார்க்க வந்தது இதையல்ல. இதற்குப் பக்கத்தில் இருக்கிற, பாதி காணாமல் போன ஒரு மைதானத்தை.

மிச்சம் இருக்கும் விளக்குக் கம்பம்

பார்க்ஸ்டேடியன். 1974 உலகக் கோப்பைக்காகக் கட்டி, 1973-ல் திறந்தார்கள். சுமார் 70,000 பேர் கொள்ளும். புல்தரையைச் சுற்றி ஓட்டப்பந்தயப் பாதை. அதனால் பார்வையாளர்கள் தூரத்தில். பெரும்பாலும் கூரை இல்லை. மழை வந்தால் நனைய வேண்டியதுதான். உலகக் கோப்பையில் ஐந்து ஆட்டங்கள் இங்கே நடந்தன. யோஹான் க்ரைஃபின் நெதர்லாந்து, அர்ஜென்டினாவை 4-0 என்று நொறுக்கியது இங்கேதான். 1987-ல் போப் இரண்டாம் ஜான் பால் இங்கே திருப்பலி நிறைவேற்றினார்.

புது அரீனா வந்ததும் இதை இடிக்கத் தொடங்கினார்கள். இப்போது பழைய மேட்டின் ஒரு பகுதியும், உயரமான ஒரே ஒரு விளக்குக் கம்பமும் மிச்சம். நடுவே புதிதாக ஆடுகளம் போட்டு, கிளப்பின் இளைஞர் அணிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது சில பையன்கள் பயிற்சியில் இருந்தார்கள். பந்து உதைக்கிற சத்தமும் பயிற்சியாளரின் விசிலும் தவிர வேறு சத்தம் இல்லை.

வேலிக்கு வெளியே நின்றுகொண்டு போனில் அந்தப் பழைய வீடியோவை ஓடவிட்டேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'கால்பந்தின் கோமாளித்தனங்கள்' என்ற தலைப்பில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வீடியோ அது.

1974 ஜூன் 22

ஒரு பக்கம் பிரேசில், நடப்பு உலக சாம்பியன். இன்னொரு பக்கம் ஜயர். இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு. சஹாராவுக்குத் தெற்கே இருக்கிற ஆப்பிரிக்காவிலிருந்து உலகக் கோப்பைக்கு வந்த முதல் அணி.

ஆட்டத்தின் கடைசிக் கட்டம். ஜயர் கோலுக்குச் சற்று வெளியே பிரேசிலுக்கு ஃப்ரீ கிக். பந்தருகே ரிவெலினோ, இடது காலில் பீரங்கி வைத்திருப்பவர் என்று பெயர் எடுத்தவர். ஜயர் வீரர்கள் சுவராக நிற்கிறார்கள். நடுவர் விசில் அடிக்கிறார். பிரேசில்காரர் உதைப்பதற்குள் சுவரிலிருந்து ஒருவர் பாய்ந்து வருகிறார். பச்சைச் சட்டை, 2-ம் நம்பர். நேராக ஓடிவந்து, பிரேசிலின் பந்தை ஒரே உதை! பந்து மைதானத்தின் மறுபாதிக்குப் பறக்கிறது.

பிரேசில் வீரர்களுக்குச் சிரிப்பு. நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டுகிறார். உதைத்தவரோ 'ஏன், என்ன தப்பு?' என்பதுபோலக் கைகளை விரிக்கிறார்.

அவர் பெயர் முவெப்பு இலுங்கா.

அன்றைக்கு டி.வி. வர்ணனைகளிலும் பின்னால் வந்த எத்தனையோ நகைச்சுவைத் தொகுப்புகளிலும் இதற்கு ஒரே விளக்கம்தான். 'பாவம், ஆப்பிரிக்கக்காரருக்கு ரூல் தெரியவில்லை.'

தெரியாதா? அந்த அணி மூன்று மாதம் முன்புதான் எகிப்தில் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றிருந்தது. அதன் முன்னணி வீரர் என்டாயே முலாம்பா அந்தத் தொடரில் 9 கோல் அடித்தார். ஒரே ஆப்பிரிக்கக் கோப்பையில் யாரும் இன்றுவரை அதைத் தாண்டவில்லை. கண்டத்தின் சாம்பியன் அணியில் ஆடுகிற தடுப்பாட்டக்காரருக்கு ஃப்ரீ கிக் யாருக்கு என்று தெரியாது என்பதை நம்புவதற்கு, முதலில் அவரைக் கொஞ்சம் மட்டமாக நினைத்திருக்க வேண்டும்.

மூன்று போதும்... நான்கு ஆகக் கூடாது!

அப்படியானால் ஏன் உதைத்தார்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜயரை ஆண்டவர் மொபுட்டு. சர்வாதிகாரி. நாட்டின் பெயரையே மாற்றியவர். உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றதும் வீரர்களைக் கொண்டாடி வீடு, கார் என்று பரிசுகளை அறிவித்தார். சிறுத்தைகள் என்பது அணியின் பட்டப்பெயர். சட்டையின் நெஞ்சில் பெரிய சிறுத்தை முகம் இருக்கும்.

முதல் ஆட்டத்தில் ஸ்காட்லாந்திடம் 0-2 தோல்வி. மோசமில்லை. ஆனால், தங்களுக்கு வர வேண்டிய பணம் வரப்போவதில்லை என்று வீரர்களுக்குத் தெரியவந்தது. ஆட மாட்டோம் என்று முரண்டு பிடித்தார்கள். கடைசியில் ஆடினார்கள், மனசில்லாமல். இதே பார்க்ஸ்டேடியனில் ஜூன் 18 அன்று யூகோஸ்லாவியாவிடம் 0-9. அந்த ஆட்டத்தில் நடுவரை உதைத்ததற்காக முலாம்பா வெளியேற்றப்பட்டார். உதைத்தது முலாம்பா இல்லை, தான்தான் என்று முவெப்பு பின்னாளில் சொன்னார். நடுவர் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டார்!

9-0-க்குப் பிறகு நடந்ததை முவெப்பு பல வருடம் கழித்து விவரித்தார். அதிபரின் காவலர்கள் ஹோட்டலுக்கு வந்தார்கள். பத்திரிகையாளர்களை அப்புறப்படுத்தினார்கள். பிரேசிலிடம் நான்கு கோல் வாங்கினால் யாரும் ஊர் திரும்ப முடியாது என்று எச்சரித்தார்கள்.

இப்போது பிரேசில் பக்கக் கணக்கைப் பாருங்கள். முதல் இரண்டு ஆட்டங்களும் 0-0. அடுத்த சுற்றுக்குப் போக வேண்டும் என்றால் ஜயரை மூன்று கோல் வித்தியாசத்தில் ஜெயித்தாக வேண்டும். இரண்டு அடித்தால் சிக்கல். மூன்று அடித்தால் பிழைத்தது. ஜயருக்கோ மூன்று வரை பிழைத்தது. நான்கு ஆனால் என்ன ஆகுமென்று யாருக்கும் தெரியாது.

ஒரே ஆட்டம், இரண்டு அணியும் கோல்களை எண்ணிக்கொண்டே ஆடின. ஜயர்சின்யோ ஒன்று, ரிவெலினோ ஒன்று, வல்டோமிரோ ஒன்று. வல்டோமிரோ அடித்தது அப்படியொன்றும் பெரிய ஷாட் இல்லை, கோல்கீப்பரிடம் நழுவிப் போனது. 3-0. அதோடு நின்றது. பிரேசில் அடுத்த சுற்றுக்குப் போனது. ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காத ஸ்காட்லாந்து, ஒரே ஒரு கோல் வித்தியாசக் கணக்கில் வீட்டுக்குப் போனது.

தான் உதைத்ததற்கு முவெப்பு இரண்டு விதமாகக் காரணம் சொல்லியிருக்கிறார். விதிகள் எனக்குத் தெரியும், வேண்டுமென்றேதான் செய்தேன்; பணத்தை அனுபவிக்கப் போகிறவர்கள் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்போது நான் ஏன் அடிபட்டுச் சாக வேண்டும், வெளியே அனுப்பட்டும் என்று நினைத்தேன் என்பது ஒன்று. நான்காவது கோல் பயத்தில் நேரத்தைக் கடத்தினேன் என்பது இன்னொன்று. கோபமா, பயமா? இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒரே நொடியில் இருக்க முடியாதா என்ன?

வேலியோரம் நின்று இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். அவருக்கு அந்த வீடியோ தெரியும், பின்கதை தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"திரும்பிப் போக ஏலாது எண்டு ஆரும் சொன்னா அது என்னண்டு எங்களுக்குத் தெரியும், பிள்ளை. இவ்வளவு நாளும் நானும் பார்த்துச் சிரிச்சனான்" என்றார்.

போனை வாங்கி, அந்த வீடியோவை இன்னொரு முறை பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

சுவருக்குப் பின்னால் ஒரு முதலை

முவெப்புவின் வழி விதிக்கு வெளியே இருந்தது. விதிக்கு உள்ளேயே விசித்திரமாக யோசித்தவர்களும் உண்டு. அதற்கு முன்னால் சுவர் எதற்கு என்று பார்த்துவிடலாம்.

கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். ஒரே கோல்கீப்பர் அவ்வளவையும் காக்க முடியாது. அதனால் பாதியை நான்கைந்து பேர் சுவராக நின்று மறைப்பார்கள். மீதிப் பாதி கோல்கீப்பருக்கு. சுவர், பந்திலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பந்து உதைபட்டு நகரும்வரை நெருங்கக் கூடாது. நெருங்கினால் மஞ்சள் அட்டை. சுவர்க்காரர்கள் அங்குலம் அங்குலமாக முன்னே நகர்வது பழைய வழக்கம். அதைத் தடுக்கத்தான் கொஞ்ச நேரத்தில் மறைந்துபோகிற வெள்ளை ஸ்ப்ரே வந்தது. 2014 பிரேசில் உலகக் கோப்பையில் நடுவர்கள் இடுப்பில் செருகியிருந்தார்களே, அதேதான்.

சுவருக்கு மேலே பந்தை வளைத்து அடிப்பார்கள் என்பதால் சுவர் குதிக்கும். குதித்தால் காலுக்கடியில் இடைவெளி. இதைப் பிடித்துக்கொண்டவர்களில் ஒருவர் ரொனால்டினோ. 2006 டிசம்பரில் வெர்டர் பிரேமனுக்கு எதிராக, சுவர் குதிக்கும் என்று கணக்குப் போட்டு, பந்தைத் தரையோடு உருட்டி கோல் அடித்தார்.

இதற்குப் பதில்தான் படுத்துக்கொள்வது! 2018 அக்டோபரில் பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் இன்டர் மிலன் ஆடியபோது, லூயிஸ் சுவாரஸ் தரையோடு ஒரு ஃப்ரீ கிக் அடித்தார். சுவர் குதித்தது. அதே நொடியில் பின்னால் சறுக்கி விழுந்து படுத்த மார்செலோ ப்ரோசோவிச் மீது பந்து பட்டு நின்றது. இத்தாலியில் இதை 'முதலை' என்கிறார்கள். நம் வீட்டில் மழைத்தண்ணீர் வராமல் கதவுக்கடியில் பழைய துணியைச் சுருட்டி வைப்போமே, வேலை ஒன்றுதான்.

முதலில் சிரித்தார்கள். பிறகு உலகம் முழுக்கக் காப்பியடித்தார்கள். 2021 செப்டம்பரில் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அணிக்காக மெஸ்ஸியே சுவருக்குப் பின்னால் படுத்தார். உலகமே கொண்டாடுகிற ஆட்டக்காரர் தரையில் படுப்பதா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அதே ஆட்டத்தில் அவர் கோலும் அடித்தார், அணியும் ஜெயித்தது.

தாக்குகிறவர்களும் சும்மா இல்லை. எதிரணிச் சுவருக்குள் தங்கள் ஆளையே நுழைத்துவிடுவார்கள். ஜயரை வென்ற நான்காவது நாள், ஹானோவர் நகரில், கிழக்கு ஜெர்மனியின் சுவருக்குள் ஜயர்சின்யோ போய் நின்றார். ரிவெலினோ அவரைக் குறிவைத்தே அடித்தார். ஜயர்சின்யோ குனிய, அந்த ஓட்டை வழியாகப் பந்து உள்ளே போனது. 1-0. இந்தத் தள்ளுமுள்ளுக்கு 2019-ல்தான் விதி வந்தது. சுவரில் மூன்று பேரோ அதற்கு மேலோ நின்றால், தாக்கும் அணியினர் அதிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும்.

சுவரே வேண்டாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெய்நிகர்க் கருவிகளை வைத்துச் சோதித்து 2020-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். சுவர் பந்தை மறைக்கும்போது, கோல்கீப்பர் நகரத் தொடங்குவதே தாமதமாகிறதாம். காப்பாற்ற நிற்கிற சுவரே கண்ணையும் கட்டுகிறது.

பெங்களூருவில் கட்டாத சுவர்

சுவர் கட்டுவதற்கு முன்பே பந்து போய்விட்டால்? இதைப் பார்க்க ஐரோப்பா வரை வர வேண்டாம். 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐ.எஸ்.எல். நாக் அவுட் ஆட்டம். கூடுதல் நேரத்தில் பெங்களூருவுக்கு ஃப்ரீ கிக். கேரளா பிளாஸ்டர்ஸ் அணி இன்னும் சுவரை ஒழுங்கு செய்துகொண்டிருந்தது. சுனில் சேத்ரி காத்திருக்கவில்லை. பந்தை மெதுவாகத் தூக்கிவிட்டார். கோல்!

நடுவர் கோல் என்றார். கேரளா பயிற்சியாளர் அணியையே மைதானத்தை விட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஆட்டம் பெங்களூருவுக்கு. கேரளாவுக்கு 4 கோடி ரூபாய் அபராதம்.

உள்ளூர் ஆட்டங்களில் ஃப்ரீ கிக் விசில் கேட்டதும் ஒருவர் போய்ப் பந்துக்கு முன்னால் 'சும்மா' நிற்பாரே, ஷூ லேஸ் கட்டுவாரே, அது ஏன் என்று இப்போது புரிகிறதா? சுவர் எழும்ப அந்தப் பத்து நொடி வேண்டும். விதிப்படி அது தப்பு. ஆனால், எல்லா ஊரிலும் அந்த ஆள் இருக்கிறார்.

நாலு நிமிஷ சாம்பியன்

மாமாவுக்கு இந்த மைதானத்தில் சொல்ல வேறு கதை இருந்தது. தேதியைக்கூட யோசிக்காமல் சொன்னார். 2001 மே 19.

பார்க்ஸ்டேடியனில் ஷால்கேயின் கடைசி லீக் ஆட்டம். அடுத்த சீசனில் புது மைதானம். ஷால்கே கடைசியாக ஜெர்மன் சாம்பியன் ஆனது 1958-ல். இந்த ஆட்டத்தை ஷால்கே ஜெயித்து, ஹாம்பர்க்கில் ஆடுகிற பயர்ன் மியூனிக் தோற்றால், கோப்பை இங்கே. உன்டர்ஹாகிங் அணியிடம் 0-2 என்று பின்தங்கிய ஷால்கே, கடைசியில் 5-3 என்று ஜெயித்தது. அதே நேரம் ஹாம்பர்க் 90-வது நிமிடத்தில் கோல் அடித்தது. பயர்ன் 0-1.

இங்கே ஆட்டம் முடிந்தது. அங்கேயும் முடிந்துவிட்டது என்று தவறான தகவல் பரவியது. ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள். பட்டாசு, கண்ணீர், கட்டிப்பிடித்தல்.

"அண்டைக்கு நானும் உள்ளுக்கு நிண்டனான். பக்கத்தில நிண்ட கிழவர் ஒருத்தர், ஆரெண்டே தெரியாது, என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவர். வந்து பதினாறு வருசத்தில ஒரு ஜெர்மன்காரர் என்னைக் கட்டிப்பிடிச்சது அண்டைக்குத்தான்."

பிறகு பெரிய திரையில் ஹாம்பர்க் ஆட்டம் தெரிந்தது. அது இன்னும் முடியவில்லை.

ஹாம்பர்க் தடுப்பாட்டக்காரர் தட்டிய பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுத்துவிட்டார். சொந்த அணியினர் வேண்டுமென்றே காலால் திருப்பித் தருகிற பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுக்கக் கூடாது என்பது 1992-ல் வந்த விதி. அது தற்செயலா, வேண்டுமென்றா என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. நடுவர், கோலுக்கு மிக அருகே பெனால்ட்டி ஏரியாவுக்குள் மறைமுக ஃப்ரீ கிக் கொடுத்தார். அந்தக் கோல்கீப்பர் மத்தியாஸ் ஷோபர். அவர் யார் தெரியுமா? ஷால்கேயிலிருந்து ஹாம்பர்க்குக் கடனாகப் போயிருந்தவர்!

இவ்வளவு பக்கத்தில் ஃப்ரீ கிக் என்றால் 9.15 மீட்டர் விட இடம் இருக்காது. அப்போது தடுக்கிறவர்கள் தங்கள் கோல் கோட்டின் மேல், இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிற்கலாம் என்று விதி இருக்கிறது. ஹாம்பர்க் அணி கிட்டத்தட்ட மொத்தமாகக் கோலுக்கு முன்னால் குவிந்தது. கோலே தெரியவில்லை, ஆட்கள்தான் தெரிந்தார்கள். பாட்ரிக் ஆண்டர்சன் ஓங்கி உதைத்தார். அத்தனை கால்களுக்கு நடுவே பந்து எப்படியோ வழி கண்டுபிடித்தது. 1-1. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பயர்ன் சாம்பியன்.

சுமார் நான்கு நிமிடம் ஷால்கே சாம்பியனாக இருந்தது. ஜெர்மனியில் இன்றும் அவர்களை 'மனங்களின் சாம்பியன்' என்கிறார்கள். அடுத்த வாரமே ஜெர்மன் கோப்பையை வென்றார்கள். லீக் கோப்பை மட்டும் இன்றுவரை வரவில்லை.

"பந்து உள்ளுக்குப் போறதைக் கண்டம். பிறகு ஒருத்தரும் கதைக்கேல்ல. அவ்வளவு சனமும் ஒரு சத்தமும் இல்லாமல் டிராமுக்கு நடந்தது" என்றார் மாமா.

போகிறவர்களுக்கு...

டோர்ட்மண்ட், எஸ்ஸன், டூசல்டோர்ஃப் எங்கே தங்கினாலும் ரயிலில் கெல்சன்கிர்ஷன் வந்து 302 டிராம் பிடிக்கலாம். அரீனாவுக்குள் கிளப்பின் அருங்காட்சியகம் இருக்கிறது. வழிகாட்டியோடு மைதானத்தையும் சுற்றிக் காட்டுகிறார்கள். ஆட்ட நாட்களில் நேரம் மாறும், பார்த்துவிட்டுப் போங்கள். பழைய நார்ட்ஸ்டெர்ன் சுரங்கத்தை இப்போது பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கே அரை நாள் ஒதுக்கலாம். பார்க்ஸ்டேடியனுக்கு மட்டும் அரை மணி நேரம் போதும். பார்க்க அங்கே அதிகம் இல்லை. தெரிந்துகொண்டு போனால் நிறைய இருக்கிறது.

ஜயர் வீரர்கள் ஊர் திரும்பினார்கள். வரவேற்பு இல்லை. அரசு கைவிட்டது. பலர் வறுமையில் முடிந்தார்கள். 9 கோல் அடித்த முலாம்பா பின்னாளில் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளாகி, தென்னாப்பிரிக்காவுக்கு அகதியாகப் போனார். 1998 ஆப்பிரிக்கக் கோப்பையில், அவர் இறந்துவிட்டதாக நம்பி ஒரு நிமிட மௌன அஞ்சலி செலுத்தினார்கள். அவரோ உயிரோடு இருந்தார். 2019-ல்தான் காலமானார்.

முவெப்பு இலுங்கா 2015-ல் இறந்தார். வெளியேற்றப்பட வேண்டும் என்றுதான் பந்தை உதைத்தேன் என்றார் அல்லவா? நடுவர் நிக்கோலாய் ரயினியா அவருக்குக் கொடுத்தது மஞ்சள் அட்டை மட்டுமே. அதனால் கடைசி விசில் வரை அவர் களத்தில் நின்றார். நான்காவது கோல் விழவில்லை.